யார் இந்த சுகுமார் ராய்? தன் புத்தகத்தைக் கையில் வாங்காமலே போன சித்திரக்காரரின் கதை

சத்யஜித் ரே பெயரைக் கேள்விப்படாதவங்க குறைவு. 'பதேர் பாஞ்சாலி' எடுத்தவர், ஆஸ்கர் விருது வாங்கியவர் என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் அவரோட அப்பா யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது.

வங்காளத்தில் கதையே வேறு. அங்கே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு, சத்யஜித் ரேவுக்கு முன்னாடி அறிமுகமாவது அவர் அப்பா சுகுமார் ராய்தான். ('ராய்', 'ரே' இரண்டும் ஒரே குடும்பப் பெயர்தான். வங்காளிகள் 'ராய்' என்று சொல்வது, ஆங்கில எழுத்து வழியாக நம்மிடம் வந்தபோது 'ரே' ஆகிவிட்டது.)

குழந்தைகளுக்காகப் பாட்டு எழுதியவர், கதை எழுதியவர், அந்தப் பாட்டுக்கும் கதைக்கும் தானே படமும் வரைந்தவர். 1923 செப்டம்பர் 10-ம் தேதி அவர் இறந்தபோது வயது 35. சொந்தமாகப் படம் வரைந்து, அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை தானே வடிவமைத்த 'ஆபோல் தாபோல்' புத்தகம் வெளியானது செப்டம்பர் 19-ம் தேதி. வெறும் 9 நாள் வித்தியாசம்.

நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் புத்தகம் விற்பனையில் இருக்கு. அப்படி என்ன செய்தார் சுகுமார் ராய்? விரிவாகப் பார்க்கலாம்.

மோசமான அச்சில் தொடங்கிய கதை

சுகுமார் பிறந்தது 1887 அக்டோபர் 30, கல்கத்தாவில். அப்பா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. எழுத்தாளர், ஓவியர், வயலின் வாசிப்பவர், இதோடு அச்சுத் தொழில்நுட்ப ஆராய்ச்சியாளரும்கூட. அம்மா பிதுமுகி. இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரான காதம்பினி கங்குலி, பிதுமுகிக்கு சிற்றன்னை முறை. வீட்டில் மொத்தம் ஆறு குழந்தைகள். அக்கா சுகலதா, தங்கை புண்யலதா இருவருமே பின்னாளில் குழந்தைகளுக்காக எழுதினார்கள்.

ரவீந்திரநாத் தாகூர் இந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய நண்பர். எவ்வளவு நெருக்கம் என்றால், சுகுமாருக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர் 'தாதா'. அக்காவுக்கு 'ஹாசி'. இரண்டுமே தாகூர் எழுதிய 'ராஜரிஷி' நாவலில் வரும் குழந்தைகளின் பெயர்கள்.

இந்தக் குடும்பம் அச்சுத் தொழிலுக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருக்கு. உபேந்திரகிஷோர் சிறுவர்களுக்காக ராமாயணத்தை எழுதி, அதற்குப் படங்களும் வரைந்தார். அந்தக் காலத்தில் படத்தை அச்சிட வேண்டும் என்றால், வேறொரு தொழிலாளி அதை மரக்கட்டையில் செதுக்கித் தரணும். செதுக்கியவர் கையில் அந்தப் படங்கள் உருமாறிப் போயின. தான் வரைந்தது ஒன்று, புத்தகத்தில் வந்தது வேறொன்று.

வேற யாராவது இருந்தால் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். உபேந்திரகிஷோர் பிரிட்டனில் இருந்து கருவிகளை வரவழைத்தார். 1895-ல் சொந்தமாக பிளாக் தயாரிக்கும் தொழிலைத் தொடங்கினார். இதுதான் பின்னாளில் 'யு. ராய் அண்ட் சன்ஸ்' ஆனது. அவர் செய்த ஆய்வுகள் லண்டனில் வெளியாகும் 'பென்ரோஸ்' ஆண்டு மலரில் கட்டுரைகளாக வந்தன. அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த மலர் அப்போது வேதப் புத்தகம் மாதிரி.

ஒரு ஓவியரின் கோடு வாசகர் கைக்கு அப்படியே போய்ச் சேரணும். சுகுமார் வளர்ந்தது இந்தக் கவலையை தினமும் பேசிய வீட்டில்.

அபத்தத்துக்கு ஒரு கிளப்

சுகுமார் ஓவியப் பள்ளியில் படித்தவர் இல்லை. 1906-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல், வேதியியல் என இரண்டு பாடங்களில் ஹானர்ஸ் பட்டம் வாங்கினார். படம் வரைவது வீட்டில் பார்த்துப் பழகியது.

படிப்பு முடிந்த காலகட்டத்தில் நண்பர்களையும் உறவுக்காரப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். பெயர் 'நான்சென்ஸ் கிளப்'. அதற்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் உண்டு. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'முப்பத்திரண்டரை வறுவல்'. கல்கத்தா தெருவில் விற்கும் கலவை வறுவலின் பெயரை வைத்துச் செய்த கிண்டல் அது. நம்ம ஊரில் ஒரு பத்திரிகைக்கு 'காரசார மிக்சர்' என்று பெயர் வைத்த மாதிரி! கிளப்பில் நடிப்பதற்காக சின்னச் சின்ன நாடகங்களையும் எழுதினார்.

லண்டனில் படித்தது என்ன?

1911-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் குருபிரசன்ன கோஷ் உதவித்தொகை கிடைத்து சுகுமார் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ஐசிஎஸ், வக்கீல் படிப்பு என்று பலர் போன காலத்தில், இவர் போனது அச்சுத் தொழில்நுட்பம் படிக்க. முதலில் லண்டனில் ஃபோட்டோ எங்ரேவிங், லித்தோகிராஃபி பள்ளி. பிறகு மான்செஸ்டர் தொழில்நுட்பப் பள்ளி.

இங்கே 'ஹாஃப்டோன்' என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால் கதை இன்னும் நன்றாகப் புரியும். அச்சு இயந்திரத்துக்கு கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும். நடுவில் இருக்கும் சாம்பல் தெரியாது. மை படும் அல்லது படாது, அவ்வளவுதான். அப்போ ஒரு முகத்தின் நிழலை எப்படி அச்சிடுவது?

அதற்குத்தான் புள்ளிகள். படத்தை கேமரா வழியாகப் பிடிக்கும்போது, நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட ஒரு கண்ணாடித் திரையை வைப்பார்கள். படம் ஆயிரக்கணக்கான குட்டிப் புள்ளிகளாக உடையும். இருட்டான இடத்தில் புள்ளி பெரிசு, வெளிச்சமான இடத்தில் சிறிசு. தூரத்தில் இருந்து பார்க்கும் நம்ம கண் அதை நிழல் என்று நம்பிவிடும். இன்றைக்கும் ஒரு செய்தித்தாள் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் தெரியும்.

திரையை எவ்வளவு தள்ளி வைக்கணும், லென்ஸின் துளை எந்த அளவு இருக்கணும் என்பதில்தான் வித்தையே இருக்கு. அப்பாவும் மகனும் இதைப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். சுகுமாரின் கட்டுரைகளும் பென்ரோஸ் மலரில் வந்தன. பின்னாளில், 1922-ல், லண்டன் ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி அவரை ஃபெலோவாகத் தேர்ந்தெடுத்தது.

அவர் லண்டனில் இருந்தபோதுதான், 1912-ல், தாகூரும் அங்கே வந்தார். நோபல் பரிசுக்கு முந்தைய காலம் அது. ஆங்கிலேயர்கள் முன்னிலையில் தாகூரின் எழுத்தைப் பற்றி சுகுமார் உரை நிகழ்த்தினார்.

'சந்தேஷ்' என்ற இனிப்பு

மகன் இங்கிலாந்தில் இருக்கும்போதே, 1913-ல், அப்பா கல்கத்தாவில் சிறுவர் மாத இதழ் ஒன்றைத் தொடங்கினார். பெயர் 'சந்தேஷ்'. வங்காளத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று செய்தி. இன்னொன்று பால் திரட்டில் செய்யும் இனிப்பு. சிறுவர் பத்திரிகைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

அதே வருஷம் சுகுமார் ஊர் திரும்பினார். டிசம்பரில் சுப்ரபாவுடன் திருமணம். அடுத்த வருஷம் குடும்பமும் அச்சகமும் கார்பார் சாலையில் கட்டிய புது வீட்டுக்கு மாறின. வீடு, பிளாக் தயாரிப்பு, அச்சு, பத்திரிகை ஆபீஸ் எல்லாம் ஒரே கட்டடம்.

இந்த நிம்மதி நீண்ட நாள் நிற்கவில்லை. நீரிழிவால் அவதிப்பட்ட உபேந்திரகிஷோர் 1915 டிசம்பர் 20-ம் தேதி இறந்தார். 28 வயதில் நிறுவனமும் பத்திரிகையும் சுகுமார் தோளில் ஏறியது. தம்பி சுபினய் கூட நின்றார்.

பத்திரிகை நடத்துவது என்றால் என்னன்னு அந்த வேலையில் இருப்பவங்களுக்குத்தான் தெரியும். மாசா மாசம் பக்கம் நிரம்பணும். கதை குறைந்தால் கதை, பாட்டு குறைந்தால் பாட்டு, அறிவியல் கட்டுரை வேண்டுமென்றால் அதுவும் சுகுமாரே எழுதினார். எல்லாத்துக்கும் படமும் அவரே போட்டார். பின்னாளில் புத்தகமாக வந்த அவரது படைப்புகளில் பெரும்பகுதி இப்படி இதழ் வேலையில் பிறந்ததுதான்.

இதற்கு நடுவில் இன்னொரு சங்கமும் நடத்தினார். திங்கள்கிழமை கூடுவதால் 'மண்டே கிளப்'. ஆனால் சாப்பாட்டுக்கு அங்கே முக்கிய இடம் என்பதால், 'மண்டா' என்ற இனிப்பின் பெயரைச் சேர்த்துக் கிண்டலாக 'மண்டா கிளப்' என்றார்கள். பின்னாளில் புள்ளியியல் மேதையான பிரசாந்த சந்திர மஹலனோபிஸ், மொழியியல் அறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி எல்லாம் அதில் உறுப்பினர்கள்.

அந்தப் படங்களில் என்ன விசேஷம்?

சுகுமாரின் மிருகங்கள் எந்தக் காட்டிலும் கிடையாது. ஒரு பாட்டில் வாத்தும் முள்ளம்பன்றியும் சேர்ந்து ஒரே பிராணி ஆகும். கொக்கும் ஆமையும் சேர்ந்து இன்னொன்று. யானையும் திமிங்கலமும் சேர்ந்து மற்றொன்று.

சும்மா இரண்டு மிருகத்தை ஒட்டிவிடவில்லை. முதலில் சொற்கள் ஒட்டுகின்றன. வங்காளத்தில் வாத்துக்கான சொல் முடியும் ஒலியும் முள்ளம்பன்றிக்கான சொல் தொடங்கும் ஒலியும் ஒன்று. அந்தப் பொது ஒலியில் இரண்டையும் கோத்துவிட்டார். தமிழில் முயற்சி செய்து பார்ப்போமா? முதலை என்ற சொல் 'தலை'யில் முடிகிறது. தலைப்பிரட்டை 'தலை'யில் தொடங்குகிறது. சேர்த்தால் 'முதலைப்பிரட்டை'! சொல்லிப் பார்த்தாலே ஒரு உருவம் தெரியுது இல்லையா? அந்த உருவத்தை சுகுமார் வரைந்துவிடுவார். எழுதியவரும் வரைந்தவரும் ஒரே ஆள் என்பதால் சொல்லில் ஒட்டிய இடமும் படத்தில் ஒட்டிய இடமும் சரியாகப் பொருந்தும்.

இன்னொரு விஷயம், அவர் படங்களில் யாரும் தான் வேடிக்கையானவர் என்று நினைப்பதில்லை. சிரிக்கக் கூடாது என்று விரதம் இருக்கும் ஒரு பிராணி உண்டு. எங்கே சிரிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் உட்கார்ந்திருக்கும். தன் மீசையை யாரோ திருடிவிட்டதாக நினைத்து ஆபீசையே கலக்கும் ஒரு பெரிய குமாஸ்தா உண்டு. தோளில் கம்பி கட்டி, முகத்துக்கு முன்னால் சாப்பாட்டைத் தொங்கவிட்டு, அதை எட்டிப் பிடிக்கும் ஆசையில் வேகமாக நடக்க வைக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த சித்தப்பா உண்டு. அந்த இயந்திரத்தை சுகுமார் ஒரு பொறியாளர் மாதிரி வரைந்திருப்பார். எந்தக் கம்பி எங்கே போகுதுன்னு பார்த்தாலே புரியும். அதனால்தான் குழந்தை அதை நம்புது.

பெரியவங்களுக்கும் அதில் சங்கதி இருக்கு. வழுக்கி விழுந்தவனைப் போலீஸ் பிடித்து அபராதம் போடும், தும்முவதற்கு டிக்கெட் எடுக்கணும் என்று சட்டங்கள் உள்ள ஒரு நாட்டைப் பற்றி ஒரு பாட்டு இருக்கு. பிரிட்டிஷ் ஆட்சியில் வாழ்ந்த வாசகருக்கு அது எந்த நாடு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கருங்காய்ச்சல்

1921 மே 2-ம் தேதி மகன் சத்யஜித் பிறந்தார். அதே வருஷம் சுகுமார் காய்ச்சலில் படுத்தார். வந்தது 'காலா அஸார்' என்கிற கருங்காய்ச்சல். விட்டு விட்டு வரும் காய்ச்சல், வீங்கும் மண்ணீரல், ரத்தச் சோகை, நாளுக்கு நாள் கரையும் உடம்பு. மணல் ஈ கடித்துப் பரவும் நோய் இது. ஆனால் அன்றைக்கு எப்படிப் பரவுகிறது என்பதே உறுதியாகத் தெரியாது.

அந்தக் காலத்தில் இதற்கு மருந்தே கிடையாது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மை அதைவிடக் கொடுமையானது. ஆன்டிமனி ஊசிகள் ஏற்கனவே புழக்கத்தில் இருந்தன. ஆனால் அவற்றின் பக்கவிளைவுகள் கடுமை. நல்ல மருந்தும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, அதுவும் அதே கல்கத்தாவில்! கேம்ப்பெல் மருத்துவமனையில், மின்விளக்கோ எரிவாயுவோ தண்ணீர்க் குழாயோ இல்லாத ஒரு சின்ன அறையில் வேலை செய்த டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, 1920-ல் 'யூரியா ஸ்டிபமைன்' என்ற மருந்தை உருவாக்கினார். 1922-ல் சிகிச்சை முடிவுகளை வெளியிட்டார். அடுத்து வந்த ஆண்டுகளில் அந்த மருந்து லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. அது பரவலாகப் போய்ச் சேர்வதற்குள் சுகுமாருக்கு நேரம் முடிந்துவிட்டது.

படுக்கையில் உருவான புத்தகம்

நோயில் கிடந்த இரண்டு வருஷம் சுகுமார் என்ன செய்தார்? வேலை செய்தார்.

1922-ல் 'சந்தேஷ்' இதழில் 'ஹ ஜ ப ர ல' என்ற கதையைத் தொடராக எழுதினார். வங்காளத்தில் 'தாறுமாறு' என்று பொருள் தரும் எழுத்துக் கோவை அது. கைக்குட்டை பூனையாக மாறுவதில் தொடங்கும் கனவுக் கதை. அதில் ஒரு விசித்திரக் கணக்கு வருகிறது. வயது 40 ஆனதும் அதைத் திருப்பிவிட்டு, அங்கிருந்து குறைத்துக்கொண்டே வருவார்களாம். அப்போ யாருக்கும் வயசே ஆகாது. படிக்கும் குழந்தைக்கு அது நல்ல ஜோக். எழுதியவர் 34 வயதில், எழ முடியாமல் கிடந்தவர் என்று தெரிந்து படிப்பவர்களுக்கு அப்படியே சிரித்துவிட்டுப் போக முடியாது.

பிறகு 'ஆபோல் தாபோல்'. தமிழில் 'ஏதேதோ உளறல்' என்று சொல்லலாம். பல வருஷமாக 'சந்தேஷ்' இதழில் வந்த பாடல்களில் இருந்து தேர்ந்தெடுத்து, திருத்தி, சில பாடல்களைப் புதிதாக எழுதிச் சேர்த்தார். படங்கள், அட்டை, எந்தப் பக்கத்தில் எது வரணும் என்ற டம்மி வரை அவரே செய்தார். கடைசிப் பாட்டில் சாவு நெருங்குவது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆனாலும் புலம்பல் கிடையாது.

அவரைப் பார்க்க தாகூர் வந்தார். இறப்பதற்குச் சில நாள் முன்பு சுகுமார் கேட்ட பாடல்களை, படுக்கை அருகில் உட்கார்ந்து பாடினார்.

செப்டம்பர் 10 காலமானார். 19-ம் தேதி, அப்பா தொடங்கிய அதே 'யு. ராய் அண்ட் சன்ஸ்' நிறுவனத்தில் இருந்து 'ஆபோல் தாபோல்' வெளிவந்தது.

அதன் பிறகு என்ன ஆச்சு?

இரண்டே கால் வயதுக் குழந்தைக்கு அப்பாவைப் பற்றி எவ்வளவு ஞாபகம் இருக்கும்? கங்கைக்கரை வீடு ஒன்றில், ஜன்னலோரம் படம் வரைந்துகொண்டிருந்த அப்பா, ஆற்றில் போகும் கப்பலைக் காட்டியதைத்தான் சத்யஜித் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

சில ஆண்டுகளில் நிறுவனம் நொடித்துப் போனது. கார்பார் சாலை வீடும் கைவிட்டுப் போனது. சுப்ரபா மகனை அழைத்துக்கொண்டு தன் சகோதரர் வீட்டுக்குப் போனார். பெண்களுக்குக் கைவேலை கற்றுக்கொடுத்து சம்பாதித்து மகனைப் படிக்க வைத்தார். 'சந்தேஷ்' இதழும் நின்றது.

ஆனால் புத்தகங்கள் நிற்கவில்லை. சுகுமார் விட்டுப்போன கதைகளும் பாடல்களும் ஒவ்வொன்றாகத் தொகுக்கப்பட்டன. சத்யஜித் வளர்ந்து, சினிமாவுக்கு வரும் முன்பு செய்த வேலை என்ன தெரியுமா? விளம்பர நிறுவனத்தில் ஓவியர், பதிப்பகத்துக்குப் புத்தக அட்டை வடிவமைப்பாளர். தாத்தா, அப்பா செய்த அதே தொழில்!

1961-ல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து 'சந்தேஷ்' இதழை மறுபடி தொடங்கினார் சத்யஜித். அதன் பக்கங்களை நிரப்பத்தான் அவரே கதை எழுத ஆரம்பித்தார். துப்பறியும் ஃபெலுதா பிறந்தது அந்த இதழில்தான். 1987-ல், அப்பாவின் நூற்றாண்டுக்காக 'சுகுமார் ராய்' என்ற ஆவணப்படத்தையும் எடுத்தார்.

எங்கிருந்து தொடங்கலாம்?

வங்காளம் தெரியாதவங்களுக்கு ஆங்கிலத்தில் சத்யஜித் ரேவும், பேராசிரியர் சுகந்த சவுத்ரியும் செய்த மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. சொல் விளையாட்டில் பாதி மொழிபெயர்ப்பில் நழுவிவிடும் என்பது உண்மைதான். சுகுமார் இறந்து 60 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால், இந்தியாவில் அவர் படைப்புகளுக்கு இப்போது பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லை. அதனால் மூல 'ஆபோல் தாபோல்' கிடைப்பதும் கஷ்டமில்லை.

கிடைத்தால், எழுத்து புரியவில்லையே என்று மூடி வைக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளையிடம் படங்களை மட்டும் காட்டுங்க. வாத்து பாதி, முள்ளம்பன்றி பாதியாக நிற்கும் அந்தப் பிராணியைப் பார்த்ததும் அது என்னன்னு கேட்கும். அதற்கு நீங்க ஒரு பெயர் வைத்துச் சொல்லலாம்.